ரோஸ் ஓரம் போட்ட வெற்றிலை

என் லேப்டாப் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுக்குடி டைல்ஸ் போடுற?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கட்டங்களுக்கு அர்த்தமே, 'இங்கே ஒன்றும் இல்லை' என்பதுதான். அனிமேஷன் மென்பொருளில் வெறுமையை அப்படித்தான் காட்டுவார்கள். அந்த வெறுமை வழியாக அடியில் ஓடும் வீடியோ தெரியும், மேலே நாம் வரைந்தது மட்டும் நிற்கும். விளக்கிச் சொன்னேன். "ஒண்ணுமில்லாததுக்கா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்க?" என்றாள். அப்போது சிரித்தேன். அதற்கப்புறம் நான் மல்லுக்கட்டியதெல்லாம் அந்த ஒன்றுமில்லாததோடுதான்.

பசுமலைக் கல்லூரியில் என்னோடு படித்த தோழிக்குக் கல்யாணம். சோழவந்தானில் அவள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மண்டபம், சமையல், மேடை, மேடைக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும் எல்.ஈ.டி. திரை எல்லாமே மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. "நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்" என்று அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பில் அவள் அப்பா சுருங்கிப் போயிருந்தார்.

"எங்க அப்பாவுக்குன்னு அங்க ஒண்ணாவது இருக்கணும்டி" என்றாள் தோழி. "ரிசப்ஷன்ல எங்க ரெண்டு பேரையும் திரையில காட்டுவாங்கல்ல, அப்ப எங்களைச் சுத்தி எங்க கொடி ஏறணும். உன்னால முடியும்ல?"

முடியுமா என்று கேட்டால் எனக்கு யோசிக்க வராது. "இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்றேன்.

வரைவது உண்மையிலேயே மேட்டராக இல்லை. கொடிக்காலுக்குப் போய், அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு கொடி ஏறுவதை போனில் எடுத்து வந்தேன். தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு ஒரு இலை விரிந்து, கடைசியில் நுனி லேசாகத் திரும்பி நிற்கும். அந்தத் திரும்பலுக்காகவே ஒரு முழு நாளைக் கொடுத்தேன். வரைந்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதை எக்ஸ்போர்ட் செய்து, ஃபைலாக வெளியே எடுத்துக் கொடுப்பது தனி வேலை என்று யாரும் சொல்லவில்லை.

திரையை இயக்குபவருக்கு டவுனில், மாசி வீதிப் பக்கம் மாடியில் கடை. எங்கள் திருநகரிலிருந்து பஸ் ஏறி முதல் ஃபைலைக் கொண்டுபோனேன். சாதாரண எம்.பி.ஃபோர். போட்டுப் பார்த்தார். மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேல் என்று இருட்டு.

"தங்கச்சி, பொண்ணு மாப்ளய மறைச்சுட்டு கொடியை மட்டும் காட்டவா?"

அந்த வகை ஃபைலுக்கு வெறுமையைச் சுமக்கத் தெரியாதாம். ஒன்றுமில்லாத இடத்தில் கருப்பை அப்பிவிடுமாம். சரி என்று, வெறுமையையும் சேர்த்துச் சுமக்கும் வேறு வகையில் எடுத்துப் போனேன். ஃபைல் யானை கனம். அவர் கம்ப்யூட்டர் அதைத் திறக்கப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது முறை, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக ஒரு ஃபோல்டர் நிறையக் கொடுத்தேன். வரிசையாகச் சேர்த்தால் ஓடும். சாயங்காலம் போன் வந்தது.

"என்னம்மா, ஒரே ஒரு முளை மட்டும் நிக்குது? ஆடவே மாட்டேங்குது."

"அண்ணே, அது முதல் படம்ணே. மொத்தத்தையும் சேர்த்து எடுக்கணும்."

"அம்புட்டையும் நான் எங்கிட்டுப் போய்ச் சேக்க? எல்லாரும் பின்னாடி பச்சையைப் போட்டுத் தருவாங்க, நான் கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சையை மட்டும் அழிச்சுத் தூக்கிருவேன். நீயும் அதைத் தா."

எரிச்சலில் எனக்குக் காது வரைக்கும் சூடு. ஆனாலும் அவர் கேட்டது சுலபமாக இருந்தது. பின்னணியில் பளீரென்று பச்சையை ஊற்றி அனுப்பினேன். பச்சை வெற்றிலை, பச்சைப் பின்னணி. அது எனக்குத் தோன்றாமல் இல்லை. என் பச்சை வேறு, அந்தப் பச்சை வேறு, கண்ணிருக்கிற யாருக்கும் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

ரிசப்ஷன் அன்று மதியம் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தோம். அவர் பின்னணியைத் தூக்கினார். கொடி ஏறியது. இலைகள் இல்லை. நரம்பும் தண்டும் மட்டும் விறுவிறுவென்று வளர்ந்து, என் ஒரு நாளை முழுக்கத் தின்ற அந்த நுனி, காய்ந்த குச்சியாகத் திரும்பி நின்றது. பச்சையை அழிக்கும் அளவைக் குறைத்தால் இலை வந்தது, கூடவே பச்சைப் புகையும் வந்தது. கூட்டினால் இரண்டும் போயின.

பின்னால் வந்து நின்ற தோழியின் அப்பா அண்ணாந்து பார்த்தார். "ஏன் தாயி, ஆடு மேஞ்சிருச்சா?"

கேலியாகத்தான் சொன்னார். முகம் மட்டும் அதற்குள் வாடிவிட்டது. "வேணாம்னா விடு தாயி. அவுக ஏதாச்சும் பூப் படம் போட்டுக்கிருவாக."

"இல்லப்பா, இந்தா வாரேன்" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறைக்கு ஓடினேன். இலையில் இல்லவே இல்லாத நிறம் வேண்டும். அடர் ரோஸைப் பின்னணியில் கொட்டி எக்ஸ்போர்ட் கொடுத்ததும் பேட்டரி சாகப்போவதாகச் சிவப்பு காட்டியது. அறையில் வேலை செய்தது ஒரே ஒரு பிளக். அதில் அழகுக்கலைப் பெண்ணின் முடியை நேராக்கும் கருவி செருகியிருந்தது. தோழிக்கு இயல்பில் சுருட்டை முடி. இடது பக்கம் நேராகி முடிந்திருந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் கழட்டிக்கிறேனே" என்றேன்.

"பொண்ணைப் பாதியில விட்டுட்டு எப்படிம்மா? ஆறு மணிக்கு மேடை ஏறணும்."

தோழி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இலை வருமாடி?"

"வரும்." அதையும் யோசிக்காமல்தான் சொன்னேன்.

கையை நீட்டி அவளே கருவியைப் பிடுங்கினாள். "சொருகு."

எக்ஸ்போர்ட் எறும்பு மாதிரி நகர்ந்தது. அழகுக்கலைப் பெண் மீதி முடியைப் பின்னி, பூ வைத்து மறைத்துப் பார்த்தாள். முன்னால் சமாளித்துவிட்டாள். பின்னால் முடியவில்லை.

மணமக்கள் மேடை ஏறியபின்தான் பென் டிரைவ் திரைக்காரர் கைக்குப் போனது. "இதாவது கடைசியா?" என்றபடி போட்டார். திரையில் அவர்கள் இருவரும், அவர்களைச் சுற்றிக் கொடியும். இலை இலையாக விரிந்தது. சந்தோஷத்தில் கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு இலைக்கும் ஓரத்தில் ஜரிகை மாதிரி ஒரு ரோஸ் கோடு. விளிம்பில் என் பச்சையும் பின்னணி ரோஸும் கலந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. லேப்டாப்பில் நூலாகக்கூடத் தெரியாத அந்தக் கோடு, அம்புட்டு உயரத் திரையில் கயிறு கனம்.

எனக்கு முன் வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை. "நம்ம எல்.ஈ.டி. காரன் வெத்தலை எல்லாம் விட்டிருக்கான் பாரு. என்னமா ஏற்பாடு பண்ணியிருக்காக நம்மாளுக!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே வரிசையில் இரண்டு நாற்காலி தள்ளி இருந்த தோழியின் அப்பா மெல்ல அந்த அத்தை பக்கம் சாய்ந்தார்.

"அது எங்க கொடிக்காலு வெத்தலைங்க."

"அப்படியா! ஓரமெல்லாம் ஏங்க செவந்து கெடக்கு?"

அவர் திரையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "அது... நோவு. மருந்து அடிச்சா போயிரும்" என்றார். அப்புறம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, எந்தப் பட்டத்தில் நடுவது, எப்படித் தண்ணீர் கட்டுவது என்று அந்த அத்தைக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மத்தியானத்திலிருந்து அவர் குரலை நான் கேட்டதே அப்போதுதான்.

மேடையில் தோழி, பரிசு கொடுக்க வருபவர்களுக்கு நடுவே, கொடியைப் பார்க்கத் திரும்பித் திரும்பி முயன்றுகொண்டிருந்தாள். திரை அவள் முதுகுக்குப் பின்னால், கேமரா அவளுக்கு முன்னால். அவள் திரும்பும்போதெல்லாம், வளர்ந்து நிற்கும் கொடிக்கு நடுவே, பாதி நேராகவும் பாதி சுருட்டையாகவும் அவள் பின்னந்தலைதான் அம்புட்டுப் பெரிதாகத் தெரிந்தது. அப்போதும் நான் ரோஸ் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.