மூவாயிரம் பக்கத்தை அழித்தவள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘துடைப்பம்’. கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் கொடுத்தது மாதிரி வாங்கிக்கொண்டாள்.

பதினோரு வருடம் காது மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்டவள் அவள். பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். முதலீடு குவிந்து கிடக்கும் ஸ்டார்ட்அப்புகளுக்கு, விளம்பரம் கொடுக்காமலே, இணையத்தில் தேடுகிறவர்களைத் தளத்துக்கு வரவைக்கிற வேலை. இந்த ஸ்டார்ட்அப்பும் காது மெஷின்தான் விற்றது. பணம் இருக்கிறதே என்று பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, தளத்தில் மூவாயிரத்து நானூறு பக்கம் எழுதவைத்திருந்தார்கள். ‘செவித்திறன் மேம்பாட்டுத் தீர்வுகள்’ என்று ஒன்று, அதையே புரட்டிப் போட்டு இன்னும் நாற்பது. காது கேட்காத எந்த மனிதன் ஐயா அப்படித் தேடுவான்?

வந்த பத்தாம் நாளே முதலாளியிடம் போய் நின்றாள்.

“மூவாயிரத்த அழிச்சிடலாம் தம்பி.”

“விளையாடாதீங்கக்கா. வர்ற ஆளுங்க குறைஞ்சா முதலீட்டாளருங்க என்னை உரிச்சிடுவாங்க.”

“மூணு மாசம் குடுங்க. கூடலேன்னா நானே பையத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

அழித்தாள். அந்தப் பதினோரு வருடமும் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். ‘காது மெஷின் ஏன் விசில் அடிக்கிறது?’ ‘அப்பா மெஷின் போட மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?’

இரண்டு மாதம் தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. முதலாளி பேச்சைக் குறைத்தார். கணவருக்கு வேலை போய் நாலு மாதம். இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

“பழசத் திருப்பிப் போட்டுடேன். எதுக்கு வம்பு?” என்றார் கணவர்.

“குப்பைன்னு தெரிஞ்சு எப்படிங்க திருப்பிப் போடறது?”

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எழுபதாம் நாள் சரிவு நின்றது. தொண்ணூறாம் நாள் வந்தவர்கள் பழையதைப் போல இரண்டு மடங்கு. முதலாளி எல்லார் முன்னாலும் எழுந்து, “தோத்துட்டேன்க்கா” என்று சிரித்தார். இனி யார் பக்கம் எழுதினாலும் அக்காவிடம் கேட்டுத்தான் என்றார். அவளுக்குப் பெருமைதான், இல்லையென்று யார் சொன்னது?

அன்று மாலை, போன் எடுக்கும் பெண் ரிசீவரை அவளிடம் நீட்டினாள். மறுமுனையில் ஒரு முதியவர், நல்ல சத்தமாக.

“விசில் நின்னுடுச்சும்மா! நீங்க போட்டிருந்தத படிச்சு நானே சரி பண்ணிட்டேன். அத எழுதினது யாரு?”

பதினோரு வருடத்தில், சரியாகிவிட்டது என்று சொல்ல ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை. மெல்லப் பதில் சொன்னாள்.

“கேக்கலம்மா! யாரு?”

அவள் எழுந்து நின்றாள். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“நான்தாங்க எழுதினேன்! நான்!”