பாட்டுக்காரர் கதையின் அடுத்த பாகம்

சினிமாவில் தானே இசையமைத்துத் தானே பாடுகிற ஒருவர் மேல் அக்காவுக்கு உயிர். அவர் எங்கள் மலைப்பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அக்காவின் படக்கதைகளில் வாராவாரம் வந்தார். தோளில் கிட்டாரோடு போடிமெட்டு ஏறி வருவார். எங்கள் குளிர் தாங்காமல் குரங்குக் குல்லா போட்டு, அதன்மேல் ஹெட்போனை மாட்டியிருப்பார். சாந்தன்பாறையில் வழிமறித்த கொம்பன் யானையை ஒரே ஒரு தாலாட்டில் தூங்கவைத்துவிட்டுப் போனார். வில்லன் மட்டும் அச்சு அசல் எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசர் மாதிரியே இருப்பான். கேட்டால், வில்லன் என்றால் மீசை அப்படித்தான் இருக்கும் என்பாள்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்து நூலால் தைத்த புத்தகங்கள் அவை. சனிக்கிழமை சாயங்காலம் வெளியாகும். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாசித்துக் காட்டுவது நான். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி எதுவும் தெரியாது. அடுத்து என்ன ஆகும் என்று என்னிடம்தான் கெஞ்சுவார்கள். எனக்கும் தெரியாது என்றாலும் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ முடித்தாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லித்தந்த மாஷ் அந்தப் படக்கதைகளைப் பார்த்துவிட்டு, விடாப்பிடியாக அவளை ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதவைத்தார். இடமும் கிடைத்தது. மலையிறங்கிப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். லயமே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் போய்விட்டால் பாட்டுக்காரர் கதையை யார் வரைவது? அக்கா போகக்கூடாது என்று தினமும் ஜெபம் பண்ணினேன்.

மழை தொடங்கியதும் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி மேடு பள்ளம் ஏறி இறங்கும் வேலை ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே தவறிவிட்டவர். வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் லயத்து வீடு. இல்லையென்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். எங்களுக்கோ மலைக்கு மேலேயும் கீழேயும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அக்காவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கல்லூரி திறக்கிற வாரத்தில் அவள் எஸ்டேட் ஆபீசுக்குப் போய், அம்மாவின் இடத்தில் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

வீட்டில் யாரும் அழவில்லை. அதனால் அதில் அழுவதற்கு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா எங்கேயும் போகப்போவதில்லை, ஆகவே கதை நிற்காது. என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கதை நின்றுவிட்டது. அதுவும் பிரேக் பிடிக்காத ஜீப் ஒன்றில் பாட்டுக்காரர் போடிமெட்டு இறங்கி, முன்சக்கரம் இரண்டும் பள்ளத்துக்கு மேலே நிற்கிற நேரத்தில். அக்கா கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு வருவாள், சோறு பொங்குவாள், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு போய் நீட்டுவேன்.

"இன்னிக்கு முடியாதுடி. அவரு அங்கனயே நிக்கட்டும்."

"விழுந்துருவாருக்கா!"

"விழ மாட்டாரு. நான் வரைஞ்சாத்தான விழுவாரு."

பிள்ளைகளிடம் என் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. யோசித்துப் பார்த்ததில் கதை நின்றதற்குக் காரணம் பிடிபட்டது. கேட்டதைக் கொடுத்த கர்த்தருக்கு நான் இன்னும் சபையில் நன்றி சொல்லவில்லை. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்வார்கள். மாதக்கணக்கான தலைவலி போனது, மகனுக்கு விசா வந்தது என்று அவரவர் பெற்ற நன்மையை எழுந்து நின்று சொன்னால், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். அந்த ஞாயிறு நானும் எழுந்தேன். அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"எங்க அக்கா காலேசுக்குப் போகக்கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணேன். கர்த்தர் கேட்டாரு. இப்ப அம்மாவுக்குப் பதிலா அக்கா கொழுந்து எடுக்கப் போறா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அக்கா இன்றும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். அவள் காப்பாற்றிய வீட்டிலிருந்துதான் நான் படித்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவள் ஒரு படம்கூட வரையவில்லை. அன்று நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதைப் பற்றி அவளிடம் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அன்று சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டுக் கீழே பார்த்தார். எல்லோரும் என்னையே பார்க்க, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து என் பக்கத்தில் நின்றாள். "ஸ்தோத்திரம்" என்றாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. பிறகுதான் மற்றவர்களும் சொன்னார்கள். அத்தனை பேரிலும் அக்காவுக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று நினைத்து, நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.