ஒரு மடக்குத் தண்ணீர்

எங்கள் தின்கன்ஜூன் பேட்டையின் பெட்ரோல் பங்க் வரிசையில் என் டாக்ஸிக்கு முன்னால் நின்ற பழைய வேன், என்னைவிட மூத்த ஒருவருடையது. மழை கொட்டியது. வரிசை நகரும்போதெல்லாம் எஞ்சினைப் போடாமல் வேனைத் தள்ளுவார், நானும் இறங்கிக் கூடத் தள்ளுவேன். தள்ளி நிறுத்தியதும் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். மழையில் நனைந்துகொண்டே குடிப்பார்.

அவருடைய கழுத்துத் தோல் வெந்து தடித்திருந்தது. பாலைவனத்து எண்ணெய் நகரம் ஒன்றில் பல வருஷம் குழாய் வேலை பார்த்தவராம். ராணுவத்தின் கட்டாய ஆளெடுப்புக்குப் பயந்து என் தம்பியை அந்த ஊருக்குத்தான் அனுப்பப் போகிறேன் என்றேன்.

“ஊர் எப்படிண்ணே?”

“ஆறு கெடையாது, மழையும் பேருக்குத்தான். எல்லாமே எண்ணெய்தான். அத எரிச்சு, கடத்தண்ணியக் காச்சித்தான் குடிக்கிறது.”

“வேலை?”

“வேலை இருக்கு. ஆனா அந்தக் காத்துல வேர்க்கிறதே தெரியாது, உடனே காஞ்சிரும். எம் பக்கத்துக் கட்டில்காரன் தாகமே இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். மத்தியானம் குழாய் மேலயே சாஞ்சிட்டான். பெட்டியிலதான் ஊருக்கு அனுப்பினோம். தாகம் எடுக்கட்டும்னு இருக்கக் கூடாது தம்பி.”

பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த வேனைத் தேடுகிறேன்.

தம்பி போய் நாலு மாதம் ஆகிறது. போனில் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறேன். நேற்றும் கேட்டேன்.

“தாகமே எடுக்கலண்ணே” என்று சிரித்தான்.