ஆறுதலா நிப்பாட்டின சேர்வர்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒஃபிஸுக்குப் போய், போட்டிருந்த கோட்டைக்கூட நான் கழற்றவில்லை. நிவேதிதா சிரித்த முகத்தோடு வந்தாள்.

"அக்கா, பழைய சர்வர நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன். நீங்க சொன்ன மாதிரியே. இனி உங்களுக்கு ரொம்ப ஆறுதலா இருக்கும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று பின்னேரம் நாலு மணிக்கு வாடிக்கையாளருக்கு ஒரு ரிலீஸ், அதாவது எங்கள் புரோகிராமின் புதுப் பதிப்பு, போகவேண்டும். அதை அனுப்பத் தெரிந்த ஒரே மெஷின் அந்தப் பழைய சேர்வர்தான்.

1. முப்பத்தொரு வரி அட்டவணை

மொன்றியலில் நாங்கள் ஒரு சின்னக் கொம்பனி. குளிர்களஞ்சியங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறோம். ஜான்-டலோன் சந்தைக்குப் போகும் தக்காளியும் ஸ்ட்ரோபெரியும் எந்த அறையில் எத்தனை பாகையில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. எங்களில் பதினொரு பேர் கோட் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதை உடனுக்குடன் ஒன்றுசேர்த்து, ஓடும் புரோகிராமாகப் பில்ட் பண்ணி, டெஸ்ட் ஓட்டி, சரியென்றால் பச்சையும் பிழையென்றால் சிவப்பும் காட்டுவதற்கு ஒரு சேர்வர் உண்டு. சிஐ சேர்வர் என்போம். பதினாலு வருசமாக அதைக் கட்டி மேய்த்தவள் நான்.

அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனதால் புதிது தேடவேண்டி வந்தது. தங்கள் தகவல் எதுவும் எங்கள் கட்டடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார். ஆகவே வாடகைக் கிளவுட் சரிவராது. சொந்த மெஷினில் வைத்து ஓட்டக்கூடியது வேண்டும்.

நல்ல சேர்வருக்கு என்னென்ன வேண்டும் என்று நான் முப்பத்தொரு வரியில் ஓர் அட்டவணை போட்டேன். கடைசியில் மூன்று சேர்வர்கள் மிஞ்சின. முதலாவது, எங்கள் பழையதின் புதுப் பதிப்பு. எதற்கும் ஒரு பிளகின், அதாவது சேர்த்துக்கொள்ளும் துணைப் புரோகிராம், இருக்கும், எனக்கும் கைவந்தது. இரண்டாவது, திரையெல்லாம் பளபளவென்று இருப்பது. எங்கள் மேலாளர் ஸில்வேன் அதைப் பார்த்த நாளிலிருந்து மயங்கிப்போய் இருந்தார். மூன்றாவது மிகவும் சின்னது. அதில் சொடுக்கிச் சொடுக்கி எதையும் அமைக்க முடியாது. செய்யவேண்டியது முழுவதையும் ஒரு ஃபைலில் எழுதிக் கோட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். அது நிவேதிதாவின் தெரிவு.

நிவேதிதா சென்னைப் பிள்ளை. இங்கே படித்து முடித்து எங்களிடம் சேர்ந்து மூன்று மாதம். அவளுடைய தகுதிகாண் காலம் அடுத்த திங்கட்கிழமை முடிகிறது. ஸில்வேன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வேலையோடு வேலை அனுமதியும் போய்விடும். சேர்வரைத் தெரிவுசெய்யும் கூட்டமும் அதே திங்கட்கிழமைதான்.

2. ஒரு சொல்

வியாழன் பின்னேரம் நான் மெற்றோவுக்கு ஓடும் அவசரத்தில் இருந்தேன். நிவேதிதா கேட்டாள்: "அக்கா, எல்லா ப்ராஜெக்டையும் மூணு சர்வர்லயும் ஓட்டிப் பாத்தாச்சு. பழச என்ன பண்றது?"

"அதை ஆறுதலா நிப்பாட்டுவம்" என்றேன். போய்விட்டேன்.

யாழ்ப்பாணத்தார் நாங்கள் ஆறுதலா என்று சொன்னால் அவசரப்படாமல், பிறகு, நேரம் எடுத்து என்று அர்த்தம். "ஆறுதலா வாங்கோ", "ஆறுதலாக் கதைப்பம்" என்று நாளுக்கு நூறு தடவை சொல்வோம். சென்னையில் ஆறுதல் என்றால் மனத்துக்கு வருவது. பாவம், பதினாலு வருசப் பாரத்தை இறக்கி வைத்தால் அக்காவின் மனம் ஆறும் என்று அவள் விளங்கிக்கொண்டாள். உடனேயே நிறுத்தி, பிளக்கையும் கழற்றி, வயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தாள்.

3. நாலு மணி

பிளக்கை மாட்டிப் பழைய சேர்வரைத் திரும்பப் போட்டோம். அந்த மெஷின் ஆறு வருசமாக நிறுத்தப்பட்டதே இல்லை. மூன்று முறை பீப் என்றது. டிஸ்க்கைக் காணவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றது.

பேக்கப் இருந்தது. ஆனால் எந்தப் பிளகினின் எந்தப் பதிப்பைப் போட்டால் அது எழும்பும் என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அந்தத் தலையும் அன்று வேலைசெய்ய மறுத்துவிட்டது. எனக்குக் கைவந்தது என்று பீற்றிய புதுப் பதிப்பில் பேக்கப்பை ஏற்றிப் பார்த்தேன். பதினொரு மணிவரை சிவப்புக்கு மேல் சிவப்பு.

நிவேதிதா திரையின் சிவப்பைப் பார்த்தாள். "என் வேல போச்சுக்கா" என்றாள்.

"வேலை எங்கையும் போகேல்லை. உம்மடை சின்ன சேர்வரைக் கொண்டுவாரும், பாப்பம்."

அது அவளுடைய மேசைக்குக் கீழே ஒரு பழைய கொம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பில்ட் ஓடியது. டெஸ்ட் ஓடியது. ஒரு படிதான் குறை. அனுப்பும் பாக்கேஜில் எங்கள் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால் களஞ்சியத்தின் மெஷின்கள் அதை ஏற்காது. அந்தப் படி அவளுடைய ஃபைலில் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. யாரும் என்றால் நான்தான்.

கையொப்பத்துக்கான சாவி ஒரு யூஎஸ்பியில், ஸில்வேனின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்து வந்தேன்.

"இரும், நான் சொல்லுறன், நீர் அடியும்."

அவள் விசைப்பலகையில் வைத்த கையை எடுத்தாள். "அக்கா, 'அடியும்'னா டைப் பண்றதுதானே? இந்த வாட்டி கேட்டுக்கிறேன்."

அந்த நெருக்கடியிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதல் தடவை சிவப்பு. இரண்டாம் தடவையும் சிவப்பு. மூன்றே காலுக்குப் பச்சை. நாலு மணிக்கு ரிலீஸ் போய்ச் சேர்ந்தது.

4. திங்கட்கிழமை

கூட்டத்தில் ஸில்வேனின் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று என் அட்டவணை. மற்றது நிவேதிதாவின் தகுதிகாண் படிவம்.

"முதலில் இதைச் சொல்லுங்கள். பழைய சேர்வரை நிறுத்தியது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நிவேதிதா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "நிறுத்தச் சொன்னது நான். தமிழில் சொன்னேன்."

பிறகு ஆறுதலா என்ற சொல்லின் முழுக் கதையையும் அவிழ்த்தேன். ஸில்வேன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஆறுதாலா, ஆறுதாலா" என்று இரண்டு தடவை சொல்லிப் பழகியும் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் மிச்சத்தையும் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அந்த சேர்வர் மக்கர் பண்ணும்போதெல்லாம் எல்லாரும் என்னைத் தேடி ஓடிவருவது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வந்தவள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

என் அட்டவணையின் முப்பத்தொரு வரியையும் வெட்டிவிட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: இது விழுந்தால், நான் ஒஃபிஸில் இல்லாத நேரத்தில் வேறொருவர் இதை எழுப்புவாரா? மூன்றில் சின்னதற்கு மட்டும்தான் பதில் ஓம். புதிதாக சேர்வர் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்த ஒரு வரியைத்தான் கொடுக்கிறேன். அதோடு, பழையதை நிறுத்தச் சொன்னால் திகதியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன்.

ஸில்வேன் பளபளப்பான திரையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சின்னதற்குச் சம்மதித்தார். பிறகு அடுத்த தாளை இழுத்து வைத்துக்கொண்டு, பேனையை மூடினார். குறும்புக்காரர்.

"நிவேதிதா, இதில் நான் ஆறுதாலா கையெழுத்துப் போடட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்! இப்பவே!" என்று அவள் தமிழிலேயே கத்தினாள்.

அதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பேனை திறந்தது, கையெழுத்து விழுந்தது.