காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

யூஜின் அங்கிள் இறந்த செய்தி வந்தபோது, ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் நான் வேலை செய்யும் பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன். மிசிசாகாவில் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே மாரடைப்பு. தொலைபேசியில் அழைத்தது அவருடைய மனைவி றெஜினா அன்ரி. அழுகைக்கு நடுவே ஒன்று கேட்டார்.

"அவற்ற ரீவிக்காரர் எல்லாரும் செத்தவீட்டுக்கு வருவினம். அவைக்குத் தமிழ் விளங்காது. நீ பிரெஞ்சில ரெண்டு வார்த்தை கதைப்பியே, பிள்ளை?"

ஓம் என்றேன். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

ஸ்காபரோத் தமிழரான உங்களில் பலருக்கு அவர் நம் மாதா கோயிலில் ஒலிபெருக்கி பார்த்தவர். அவருடைய வேலை ரொறன்ரோவில் இருக்கும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில், ஒலிப்பதிவு. அவர் பேசிய பிரெஞ்சு, பாரிசில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில் பிடித்துக்கொண்டது. "ஸ்காபரோவில எங்கட சனலைப் பாக்கிறது நானும் நீயும்தான்" என்று என்னிடம் சொல்வார். நான் மொன்றியலில் பிறந்து பிரெஞ்சில் படித்தவள். இங்கே வந்தபின் என் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பு சிரித்தது. வாயை மூடினேன், பிறகு பள்ளிக்கூடத்தையும் விட்டேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்தில் ஹீற்றர் நின்றுபோனது. செய்தி எடுக்க அவருடைய சனல் வந்தது. பிரெஞ்சு பேசும் குடியிருப்பாளர் ஒருவர் நேரலையில் வேண்டும் என்றார்கள். அங்கிள் எங்கள் கதவைத் தட்டினார். வீட்டுக்காரன் பார்த்தால் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவான் என்று அம்மா மறித்தார்.

"தங்கச்சி, உங்கட வீட்டுக்காரன் பிரெஞ்சு ரீவி பாக்கிறவனெண்டால் நான் மொட்டை அடிக்கிறன்" என்றார் அவர்.

அம்மா சிரித்துவிட்டார். நான் கதவுப்பிடியை விடவில்லை. அங்கிள் என் சட்டைக் கழுத்தில் மைக்கைக் குத்திவிட்டு, பிரெஞ்சில் கேட்டார்: "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" குரலின் அளவு பார்க்க எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. அமைச்சர்களிடமும் அதையேதான் கேட்பாராம். பாணும் சம்பலும் என்றேன். சம்பலுக்கு மாசிக் கருவாடு போட்டதா என்றார். இல்லை என்று சொல்லி முடிக்கும்போது செய்தியாளர் என் பக்கம் திரும்பினார். நான் பேசிவிட்டேன்.

மைக்கைக் கழற்றியபோது அவருடைய விரல்கள் நடுங்கின. "எனக்கு ஒவ்வொருக்காலும் உப்பிடித்தான். நேரலையைத் திரும்ப எடுக்கேலாது, பிள்ளை" என்றார்.

அந்த வார்த்தைதான் செத்தவீட்டில் எனக்கு நினைவு வந்தது. அவர் பெட்டிக்குள் கிடந்தார். பக்கத்தில் மைக். தொலைக்காட்சிக்காரர்கள் கோட்டைக் கழற்றாமல் பின்வரிசையில் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன்; ஒன்றும் வரவில்லை. றெஜினா அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது, அன்று எங்கள் கட்டடத்துக்கு வந்த அதே செய்தியாளர் பின்னாலிருந்து மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டார்: "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

அங்கிளுடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே அழுதார்கள்.

"ஒன்றுமில்லை. பயத்தில் இறங்கவில்லை" என்றேன் பிரெஞ்சில். என் குரல் கடைசி வரிசை வாங்குவரை போனது எனக்கே கேட்டது. மிச்சத்தையும் சொன்னேன்.

எனக்குப் பயம் போய்விடவில்லை, அங்கிளுக்கும் அது போகவில்லைத்தானே. பேக்கரியில் தொலைபேசி அடித்தால், ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்று இன்றைக்கும் தயங்குகிறேன். எடுக்குமுன் காலையில் சாப்பிட்டதை வாய்க்குள் ஒருமுறை சொல்கிறேன். பிறகு எடுக்கிறேன்.