நாலுகால் சக்களத்தி

யோகமலரின் புருசன் கதிராமன் பந்தயக் குதிரை பார்க்கிற ஆள். கடலை விட்டால் வேறு பிழைப்பு நினைக்காத சல்லி ஊரில் அப்படி ஒரு வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். நுவரெலியாவில் ஒரு முதலாளியின் லாயத்தில் சிவப்புக் குதிரை ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. பெண் குதிரை. பந்தயத் தாளில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலிசுப் பெயர். கதிராமன் அதைச் செல்லமாகக் 'குஞ்சு' என்று கூப்பிடுவான்.

அந்தப் பெயர்தான் யோகமலரின் வயிற்றைக் காந்தவைத்தது. கலியாணம் கட்டிய நாள் முதல் அவளுக்கு அவனிடம் கிடைத்தது 'இஞ்சேர்' என்ற கூப்பாடு மட்டும்தான்.

பின்னேரங்களில் போனில் முகம் பார்த்துக் கதைப்பான். சாப்பிட்டாயா என்று கேட்பான். நெத்தலி காயவிடாமல் மழை வந்த கதையையோ, காற்றுக்குக் கூரைத் தகரம் கழன்ற கதையையோ அவள் சொல்லத் தொடங்கினால் போன் மெல்லத் திரும்பும். திரையில் ஒரு நீள முகம் வந்து நிற்கும்.

"குஞ்சு இண்டைக்கு வடிவாத் தின்னேல்லை. பார், கண் எப்பிடிச் சோர்ந்து கிடக்கு எண்டு."

தன் கண் சோர்ந்து கிடப்பதை அவன் என்றைக்காவது பார்த்தானா என்று யோகமலர் நினைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்னடி, சக்களத்தி சுகமோ?"

"அவளுக்கென்ன அக்கா குறை? தலைவாரிவிட ஆள் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். பிறகு பாயில் காயும் கருவாட்டை அவள் புரட்டுகிற வேகத்தில் பாதி மீன் நொறுங்கிப்போகும்.

கதிராமன் வெருகல் பக்கத்து இலங்கைத்துறைக்காரன். கரைவலை இழுக்கச் சல்லிக்கு வந்து, யோகமலரைக் கட்டி, அங்கேயே தங்கியவன். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒருதரமும் கண்ணைத் திறந்து பார்க்காமலே ஆஸ்பத்திரியில் போய்விட்டது. பெயர் வைக்கவும் நேரம் இருக்கவில்லை. யோகமலர் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். கதிராமன் கஞ்சி வைத்தான், உடுப்புத் தோய்த்தான், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தான். அவன் கண் கலங்கி ஒருவரும் காணவில்லை. அவள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் அவனுக்குக் கடல் பிடிக்காமல் போயிற்று. மலைநாட்டுக்கு மீன் ஏற்றும் கிண்ணியா முனாப், நுவரெலியாவில் குதிரை லாயமொன்றில் ஆள் தேடுகிறார்கள் என்றான். கதிராமன் அடுத்த லொறியிலேயே ஏறிப் போனான். அதன் பிறகு அவன் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோனான்.

இந்த வருசம் சித்திரைப் புத்தாண்டுக்கும் அவன் வரவில்லை. சீசன் முடியப் போகிறது, கடைசிப் பந்தயத்தில் குஞ்சு ஓடுகிறது, விட்டுவிட்டு வர ஏலாது என்றான். யோகமலர் கைவிசேடக் காசு வாங்கவும் ஆளில்லாமல் தனியே பொங்கிப் படைத்தாள். மறுகிழமை முனாப்பின் லொறி வந்தபோது போய் முன்னால் நின்றாள்.

"முனாப் நானா, என்னையும் நுவரெலியாவுக்கு ஏத்திக்கொண்டு போறீங்களோ?"

"என்ன தங்கச்சி, றேஸ் பாக்கவோ?"

"ஓம். அவளைப் பாக்கத்தான்."

ஆர் அவள் என்று முனாப் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்து மைதானம் அன்றைக்குக் கலியாண வீடு மாதிரி இருந்தது. கொழும்பிலிருந்து வந்த பெண்கள் தாம்பாளம் அளவு தொப்பி வைத்துக்கொண்டு கூடாரங்களுக்குக் கீழே நின்றார்கள். எங்கேயோ பாண்ட் வாத்தியம் முழங்கியது. யோகமலர் வெயிலுக்குக் கட்டுகிற மெல்லிய சீலையோடு வந்திருந்தாள். குளிரில் பல் கிட்டியது. கேட்டுக் கேட்டு லாயத்தைக் கண்டுபிடித்தாள்.

கதிராமன் அவளைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"நீ என்னெண்டு வந்தனீ? ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாருக்கும் சுகம். எனக்குத்தான் குளிருது."

"ஓம், இஞ்சை சரியான குளிர்தான்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்த தடித்த கம்பளியை விரித்துக் குதிரையின் முதுகில் போட்டு, விளிம்பைச் சரிசெய்தான். யோகமலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றி மூடிக்கொண்டாள். பிறகுதான் குதிரையை ஏறிட்டுப் பார்த்தாள்.

போனில் கண்டதை நம்பி அவள் வந்திருக்கக்கூடாது. நேரில் அது அவ்வளவு வடிவு. புதுச் செப்புக்குடம் மாதிரித் தோல். நெற்றியில் விரலால் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. பெரிய ஈரக் கண்ணால் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் கதிராமனின் தோளில் தாடையை வைத்தது. அவன் கை தானாக உயர்ந்து அதன் காதடியைச் சொறிந்தது. கிழடாக, சொறி பிடித்ததாக இருந்திருந்தால் யோகமலர் கொஞ்சம் ஆறியிருப்பாள்.

பந்தயம் ஒரு மூச்சில் முடிந்துபோயிற்று. முதல் வளைவில் குஞ்சுதான் முன்னுக்கு வந்தது. ஜொக்கி அதன் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தான். மண் தெறித்தது. யோகமலர் தன்னை மறந்து வேலிக் கம்பியைப் பிடித்தாள். கடைசி நீட்டில் இளங்குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக, குஞ்சு நடுவில் எங்கோ வந்து சேர்ந்தது. தொப்பிக்காரப் பெண்கள் வேறொரு குதிரைக்குக் கை தட்டினார்கள். 'தோத்திட்டாள்' என்று அவள் மனம் துள்ளியது. துள்ளியதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சனம் கலைந்தது. கூடாரங்களை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அடுத்த ஏப்ரலுக்கு வரச்சொல்லி ஆட்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துப் போனார்கள். யோகமலர் லாயத்துக்குத் திரும்பி வந்தபோது கதிராமன் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். முதுகு குலுங்கியது. ஒரு ஆண்பிள்ளை அப்படி விம்மி அவள் கண்டதில்லை.

அவளுக்குள் இவ்வளவு காலமும் மூடிக் கிடந்தது வெடித்தது.

"எங்கடை பிள்ளை போனண்டைக்கு உங்கடை கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை. ஒரு குதிரை தோத்ததுக்கு அழுறீங்கள்."

கதிராமன் முகத்தைத் துடைக்காமலே திரும்பினான்.

"அண்டைக்கு நீ கிடந்த கிடைக்கு, நானும் அழுதிருந்தா உன்னை ஆர் தூக்கியிருப்பினம்?"

அவன் கை குதிரையின் பிடரியைத் தடவியது.

"இஞ்சை வந்துதான் அழுதனான். இவளுக்கு முன்னாலை. இவள் ஒண்டும் கேக்கமாட்டாள். எல்லாம் இவளுக்குச் சொல்லியிருக்கிறன். பிள்ளைக்கு நினைச்சு வைச்சிருந்த பேரையும்."

"என்ன பேர்?"

அவன் குதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சுதர்சிகா."

யோகமலர் வைக்கோல் கட்டொன்றில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளியைப் போர்த்தியதையும் கொஞ்சியதையும் அவள் பொறுத்திருப்பாள். தன் வயிற்றில் கிடந்த பிள்ளையின் பெயர் இத்தனை வருசமாக இந்த மிருகத்துக்குத் தெரிந்திருந்ததை, பெற்றவளுக்குத் தெரியாமல் இருந்ததை, அவளால் பொறுக்க ஏலவில்லை. எழும்பிப்போய் அதன் மூக்கில் ஒன்று போடலாமா என்றிருந்தது.

"நான் தோத்ததுக்கு அழேல்லை" என்றான் அவன், கொஞ்சம் ஆறிய பிறகு. "இவள் இனி ஓடமாட்டாள். முதலாளி வித்துப்போட்டார்."

"ஆருக்கு?"

"எங்கடை ஊருக்குப் பக்கத்திலை, நிலாவெளியிலை ஒரு ஹோட்டலுக்கு. வெள்ளைக்காரப் பிள்ளையளைக் கடற்கரையிலை ஏத்தி நடத்த. பாத்துக்கொள்ள என்னையும் வரச்சொல்லுகினம். இனி நான் வீட்டிலைதான்."

இத்தனை வருசம் கோயில் கோயிலாக வேண்டியது அதைத்தான். புருசன் வீட்டுக்கு வருகிறான். சக்களத்தியும் கூடவே வருகிறாள். யோகமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள். முனாப்பின் லொறியிலேயே சல்லிக்குத் திரும்பினாள்.

நிலாவெளியில் சீசன் தொடங்க, குஞ்சு வந்து இறங்கியது. சல்லியே திரண்டு பார்க்கப் போனது. யோகமலர் மட்டும் போகவில்லை. கதிராமன் ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு வந்தான், தகரத்தை இறுக்கினான், கிணற்றடியைச் செப்பனிட்டான். உடம்பில் குதிரை வாடை. அவள் ஒன்றும் சொல்லாமல் சவர்க்காரத்தை எடுத்து நீட்டுவாள்.

ஒருநாள் அவன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனான். வேறு வழியில்லாமல் கொண்டுபோனாள். தவிடு வாங்க அவன் டவுனுக்குப் போயிருந்தான். தென்னைகளுக்குக் கீழே குஞ்சு தனியே நின்றது. உப்புக் காற்றுக்கு அதன் செப்பு நிறம் மங்கியிருந்தது. அலை உடையும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பின்னுக்குச் சாய்த்து மருண்டது. கயிற்றின் எல்லைக்கு வந்து றோட்டையே பார்த்தது. ஆரைத் தேடுகிறது என்று யோகமலருக்குத் தெரியும். அவளும் அந்தப் பார்வை பார்த்தவள்தான்.

"வருவார். தவிடு வாங்கத்தான் போனவர்" என்றாள்.

காது அவள் பக்கம் திரும்பியது. சாப்பாட்டுப் பார்சலை மரத்தடியில் வைத்துவிட்டு அவள் கிட்டப் போனாள். முதலில் ஏசினாள். வருசக்கணக்காய்ச் சேர்த்து வைத்திருந்த ஏச்சு முழுவதையும் ஏசினாள். குதிரை நின்று கேட்டது. ஏச்சு முடிந்த பிறகும் அவளுக்குச் சொல்ல இருந்தது. அதைக் குரலைத் தாழ்த்தி, அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது கதிராமன் தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"என்ன கதைச்சனீ அவளோடை?"

"அது எங்களுக்குள்ளை."

அவன் மூட்டையை இறக்கினான். குஞ்சு அவனிடம் போகவில்லை. யோகமலரின் கையை மணந்துகொண்டு அங்கேயே நின்றது. கதிராமனின் முகம் சுருங்கியது. சாப்பிடும்போதும் கேட்டான், தண்ணி காட்டும்போதும் கேட்டான். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு சல்லிக்குப் போகும்போது காற்றுக்கு மேலால் கத்திக் கேட்டான்.

"பிள்ளையின்ரை கதையோ? நீயும் ஒரு பேர் நினைச்சு வைச்சனியோ? அவளுக்குச் சொல்லிப்போட்டு எனக்குச் சொல்லமாட்டியோ?"

யோகமலர் அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்தாள். வாடை இருந்ததுதான்.

"சொல்லுறன்" என்றாள். "முதல்லை மெல்ல ஓடுங்கோ."