தூக்க மருந்தும் புற்றுமண்ணும்

யார் வீட்டுத் துன்பமோ வந்து நம் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம்தான் சத்திரத்து மேனேஜர் வேலை.

சங்கரன்கோவிலில், கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வியாபாரி கட்டிவைத்த சத்திரம் அது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வந்த வேகத்தில் போய்விடும். மற்ற மாதங்களில் அறை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், சித்தம் கலங்கிய ஒருவரைக் கையில் பிடித்தபடிதான் படியேறுவார்கள். அம்பாள் சன்னதி முன்னால் தரையில் இருக்கிற ஸ்ரீசக்கரத்தில் உட்காரவைத்தால் தெளியும் என்று ஒரு மண்டலம் தங்குவார்கள். அதற்காக டாக்டர் மருந்தையும் விட்டுவிட மாட்டார்கள். ஒரு கையில் மருந்து பாட்டில், மறு கையில் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண் பொட்டலம். எதை வைத்துக்கொள்ள, எதை விட என்று கேள்வி மட்டும் என்னிடம் வரும். வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க யோசனை கேட்டு அலைந்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரே பதில், பஜாரில் இருந்த டாக்டர் தேவசகாயத்துக்கு ஆள் அனுப்புவதுதான். கூப்பிட்டால் சைக்கிளில் வந்துவிடுவார்.

குணமான தம்பி

வாசுதேவநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுப்பையா, தன் தம்பி மாடசாமியைக் கூட்டிவந்தார். மாடசாமிக்கு முப்பது வயது இருக்கும். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பான். கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிச் சண்டை போடுவான். சேலை எடுக்க வந்த பெண்கள் பயந்து எழுந்துபோனார்கள். வெளியூர் டாக்டர் ஒருவர் மூன்று வேளைக்கும் குடிக்க மிக்சர் என்று ஒரு பாட்டில் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

சத்திரத்தில் மாடசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தான். வாயோரம் எச்சில் வழியும். அண்ணன்தான் துடைத்துவிட்டுச் சோறு ஊட்டுவார். தம்பிக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்த மனிதர் அவர். பாசத்தில் குறை சொல்ல முடியாது. "மருந்து கூடிப்போச்சோ என்னமோ, நம்ம டாக்டர்ட்ட ஒரு நடை காட்டிருவமா?" என்று மெல்லக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு? குணமாயிட்டான் அண்ணாச்சி. ரெண்டு வாரமா ஒரு வார்த்தை பேசலையே!"

குளத்துக்குப் போன மாத்திரை

இளையரசனேந்தல் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி கருப்பசாமி, மனைவியோடும் மகள் பேச்சியோடும் வந்தார். மகளுக்கு அடிக்கடி வலிப்பு. அதைப் பேய் என்றும் பைத்தியம் என்றும் ஊரில் ஆளுக்கொன்று சொல்லி, அவளுக்கு மாப்பிள்ளை அமையாமல் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் தேவசகாயம் கொடுத்த மாத்திரையில் வலிப்பு குறைந்திருந்தது. ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். அம்பாள் சன்னதிக்கே வந்த பிறகு மாத்திரை எதற்கு என்று கருப்பசாமி அத்தனையையும் தெப்பக்குளத்தில் வீசிவிட்டார்.

இரண்டு நாள் பேச்சி கலகலவென்று இருந்தாள். மறுநாள் முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது. டாக்டர் வந்து ஊசி போட்டு, அது அடங்குகிற வரை அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கருப்பசாமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் திட்டவில்லை. "தூக்கம் சாஸ்தியா இருக்குன்னா என்கிட்ட வந்து சொல்லும், குறைச்சுப் பார்க்கேன். ஓடுத பஸ்ஸிலிருந்து குதிச்ச மாதிரி படக்குன்னு நிறுத்தப்படாது வே. பிள்ளை போயிருக்கும்" என்றார். மறுநாளிலிருந்து மாத்திரை பேச்சியின் அம்மா கைக்கு மாறியது. கோவிலுக்குப் புறப்படும் முன்பே மகளுக்கு அதைக் கொடுத்துவிடுவாள். நான் பார்ப்பதைக் கண்டு அவளே காரணம் சொன்னாள்.

"பிந்தி வந்தா அம்பாள் கோவிச்சுக்கிட மாட்டா அண்ணாச்சி. இந்த மாத்திரைதான் கோவிச்சுக்கிடுது."

கோடாங்கியின் கை

இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்பவர்கள் எல்லாரும் புற்றுமண்ணோடு நின்றுவிடுவதில்லை. கைக்குழந்தையைப் பறிகொடுத்த பிறகு தனக்குத்தானே பேசத் தொடங்கியிருந்த ஆவுடையம்மாளை, அவளுடைய இரண்டு அண்ணன்மார் கூட்டிவந்தார்கள். டாக்டரிடம் காட்டினால் பைத்தியம் என்று பெயர் நிலைத்துவிடும், பேய் என்றால் ஓட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் திரும்பியபோது முற்றத்தில் உடுக்குச் சத்தம். கோடாங்கி பிரம்பால் அவள் முதுகில் அடித்து, "போறியா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிரம்பைப் பிடித்து நிறுத்தினேன். "சத்திரத்துக்குள்ள மனுசரை அடிக்கப்படாது, எடும் உம்ம உடுக்கை" என்றேன். அதற்குள் ஆவுடையம்மாளே, "போயிட்டேன், போயிட்டேன்" என்று கத்திவிட்டாள். கோடாங்கி ஜெயித்த முகத்தோடு கிளம்பினான். அண்ணன்மார் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் வாசலுக்குப் போனார்கள். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்து முடித்தவள் என்னைப் பார்த்து, தெளிவாகப் பேசினாள்.

"நான் போயிட்டேன்னு சொல்லாட்டி, பாவம், அந்த மனுசன் கை ஒடிஞ்சுல்லா போயிருக்கும்."

புது மாத்திரை

சில வருஷம் கழித்து மாடசாமி தானே பஸ்ஸில் வந்து இறங்கினான். மிக்சரில் ஒன்றும் நடக்காமல், சுப்பையா கடைசியில் டாக்டர் தேவசகாயத்திடமே வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையை வரவழைத்துக் கொடுத்தார். "இதையும் பயந்துகிட்டேதான் குடுக்கேன்" என்று என்னிடம் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல்கள் அடங்கின. கை லேசாக நடுங்கியது, நடையில் ஒரு விறைப்பு. ஆனால் மறுபடியும் கடையில் உட்கார்ந்து துணி கிழித்தான். டாக்டரிடம் மாத்திரை வாங்கிப் போக வந்தவன், என்னையும் பார்க்க வந்திருந்தான். காதுச் சத்தம் எப்படி என்று விசாரித்தேன்.

"அது நின்னுருச்சு அண்ணாச்சி. இப்பம் எங்க அண்ணன் சத்தம் மட்டுந்தான் கேக்குது. அதுக்கும் ஒரு மாத்திரை இருக்கான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

அக்காவின் விரதம்

கணபதி, சிவகிரியில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் போனபின் அவர் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய அக்கா லட்சுமி அம்மாள்தான் கூட்டிவந்தாள். எங்கேயோ வாங்கிய தூக்க மிக்சரை மாதக்கணக்காகக் குடித்து வந்தார். நாக்குக் குழறியது, முகத்திலும் நெஞ்சிலும் கட்டி கட்டியாகப் புறப்பட்டிருந்தது. நாள் ஆக ஆகப் புத்தி மங்குகிறது என்று அக்கா பயந்தாள். தம்பிக்காக அம்பாளுக்கு நேர்ந்துகொண்டு, அவருக்கு ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தபோது கணபதி வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டார்: "ஐயா, இந்த மருந்து... என் துக்கத்தைத் தூங்க வைக்குதா... என்னையா?" டாக்டர் முகத்துக் கட்டிகளைப் பார்த்தார், சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். "இது பரு இல்லம்மா, மருந்து. உடம்பை விட்டு வெளியேறாம தங்கிப்போச்சு. உப்புச் சேர்த்தாத்தான் அது கழியும். மிக்சரை நான் பக்கத்துல இருந்து நிறுத்துதேன், நீங்க உப்பைப் போடுங்க" என்றார். லட்சுமி அம்மாள் முகம் வெளிறிவிட்டது. நேர்ந்ததை முறித்தால் தம்பியை அம்பாள் கைவிட்டுவிடுவாளே! அன்று உச்சிக்காலத்துக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தவள், தம்பி இலையில் உப்பை அள்ளி வைத்தாள். தன் இலையில் வைக்கவில்லை. மீதி விரதத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

மிக்சர் போகப் போக, கணபதி அழ ஆரம்பித்தார். அடுத்த அறைக்காரர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். அக்காவே பயந்து, "பழைய மருந்தையே குடுத்திருங்க ஐயா" என்று டாக்டரிடம் கெஞ்சினாள். "பெண்டாட்டி செத்ததுக்கு இப்பதான் அழுதான். அழட்டும், நான் தெனமும் வந்து பார்த்துக்கிடுதேன்" என்றார் அவர். சொன்னபடி வந்தார். சில நாள் மருந்தே பேசாமல், இறந்துபோனவளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அழுகை ஓய்ந்த ஒரு நாள் கணபதி பின்வாசல் வழியாக நெசவுத் தெருவுக்குப் போனார். அங்கே ஒருவர் வீட்டில் ராட்டை முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தார். மறுநாளும் போனார். பேச்சு திரும்பியது, கட்டிகள் வற்றின. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் அக்காவும் தம்பியும் ஊருக்குப் புறப்பட்டார்கள். அந்த வருஷத்து ஆடித்தபசுக்குக் கணபதி வந்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தூக்கம் முன்ன மாதிரி இல்ல. அவ ஞாபகம் வந்துகிட்டேதான் இருக்கு. ஆனா போன வாரம் ஒரு பய வாய்ப்பாட்டைத் தப்பாச் சொன்னான்னு கோவம் வந்து கத்திட்டேன். வாத்தியார் குணமாயிட்டாருன்னு ஹெட்மாஸ்டர் மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு."

இத்தனை பேருக்கும் அறை திறந்துவிட்ட எனக்கு இப்போது கொஞ்ச நாளாகத் தூக்கம் வருவதில்லை. யோசனை சொல்ல வருகிறவர்களுக்குப் பயந்து உங்களைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.